சிமென்ட் இல்லாத தரை

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் போகிறவர்கள் பவளப் பாறைத் திட்டைப் பார்ப்பார்கள், கோல்ட் கோஸ்ட் கடலில் கால் நனைப்பார்கள், கங்காருவுக்குத் தீனி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். விமான நிலையத்தின் தரையைப் பார்க்க ஒருவர் அங்கே போகிறார் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் டுவூம்பா நகருக்கு மேற்கே இருக்கிற வெல்கேம்ப் விமான நிலையத்தின் தரை, போய்ப் பார்க்க வேண்டிய தரைதான். போயிங் 747 சரக்கு விமானங்கள் வந்து நிற்கும் அந்தக் கான்கிரீட்டில் போர்ட்லண்ட் சிமென்ட் கிடையாது. இரும்பாலைக் கசடையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் காரத்தால் இறுகவைத்துப் போட்டது அது.

சிமென்ட் இருக்கும்போது இந்த வேலை எதற்கு? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் சிமென்டின் மூலமான கிளிங்கர் கிடைக்கும். உலையை எரிப்பதால் வரும் புகை ஒரு பங்கு. கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த கரியமில வாயு சூட்டில் பிரிந்து வெளியேறுவது அதைவிடப் பெரிய பங்கு. உலையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பெரிய பங்கு அப்படியே இருக்கும். உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் இந்த ஒரு பொருளின் கணக்கில் சேர்கிறது. அதனால்தான் கல்லைச் சுடாமல் கல்லாக்கும் வழியைப் பல நாடுகள் தேடுகின்றன.

பயணம் பிரிஸ்பேனில் தொடங்கியது. துணைக்கு வந்தவர் கோவில்பட்டிப் பக்கத்து இளைஞர். பிரிஸ்பேனிலேயே ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். "வெல்கேம்ப்புக்குப் போறதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டில ஒரு கட்டடத்தப் பாத்துருவோம் அண்ணாச்சி. தரைக்கு முன்னாடி கூரை" என்றார். சிட்டிகேட் படகில் ஏறினோம். பிரிஸ்பேன் ஆறு நகருக்குள் வளைந்து வளைந்து போகிறது. அதன் ஒரு பெரிய வளைவுக்குள் இருப்பது செயின்ட் லூசியா. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் மணற்கல் மண்டபங்களைத் தாண்டி நடந்தால், 2013இல் திறக்கப்பட்ட உலக மாற்ற ஆய்வு நிலையக் கட்டடம் வருகிறது. நான்கு மாடி. பளபளப்பு எதுவும் இல்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், மேல்தளங்களைத் தாங்கும் கான்கிரீட் உத்தரங்கள் பூச்சு இல்லாமல் வில்போல் வளைந்து தெரிகின்றன. மொத்தம் 33 உத்தரங்கள். எல்லாமே சிமென்ட் இல்லாத கான்கிரீட்டில் தொழிற்கூடத்தில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியவை. அவற்றுக்குள் ஓடும் குழாய்களில் குளிர்ந்த நீரைச் செலுத்தி அறைகளைக் குளிர்விக்கிறார்கள். ஆட்கள் வேலை பார்க்கிற கட்டடத்தில், தலைக்கு மேலே, பாரம் சுமக்கிற இடத்தில் இந்தப் பொருளை வைக்கத் துணிந்ததுதான் இங்கே விசேஷம்.

இளைஞர் படிக்கட்டில் உட்கார்ந்தபடி விளக்கினார். சிமென்ட் தண்ணீர் பட்டாலே இறுகும். கசடும் சாம்பலும் அப்படி இல்லை. அவற்றில் சிலிக்காவும் அலுமினாவும் நிறைய இருந்தும், வெறும் தண்ணீருக்கு அவை எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. காஸ்டிக் சோடாவோ சோடியம் சிலிக்கேட்டோ சேர்த்தால் அந்தக் காரம் துகள்களின் மேற்பரப்பைக் கரைக்கிறது. கரைந்த சிலிக்காவும் அலுமினாவும் மறுபடி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு முதலில் கூழாகி, பிறகு கல்லாகிவிடுகின்றன. கசடில் கால்சியம் உண்டு என்பதால் அது சாதாரண வெப்பநிலையிலேயே இறுகும். சாம்பல் மட்டும் என்றால் 60 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால்தான் வேகம் பிடிக்கும். இரண்டையும் கலந்தால் சூடு காட்டாமலே சைட்டில் வேலை முடியும்.

இது நேற்று கண்டுபிடித்தது அல்ல. பெல்ஜியத்தில் பர்டன் என்பவர் 1940இலேயே கசடையும் காரத்தையும் சேர்த்துச் சோதனை செய்து எழுதிவைத்தார். 1957இல் சோவியத் உக்ரைனின் கீவ் நகரில் விக்டர் குளுக்கோவ்ஸ்கி இதைக் கட்டடப் பொருளாகவே வளர்த்தெடுத்தார். 1960களில் மரியுபோல் நகரில் காரக் கசடுக் கான்கிரீட்டில் குடியிருப்புகள் எழும்பின. பிரான்சில் 1970களின் தொடக்கத்தில் தீ விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபோது, எரியாத பொருள் ஒன்றைத் தேடிப்போன ஜோசப் டேவிடோவிட்ஸ் சுட்ட வெண்களிமண்ணைக் கையில் எடுத்தார். இந்த வகைப் பொருளுக்கு ஜியோபாலிமர் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். இத்தனை வயதான வித்தையை ஒரு விமான நிலையத்தில் இறக்கிப் பார்க்க 2014 வரை ஆனது ஏன் என்பதுதான் எனக்கு வழிநெடுக இருந்த கேள்வி.

மறுநாள் காலையில் வாரிகோ நெடுஞ்சாலையைப் பிடித்தோம். டுவூம்பா மேற்கே சுமார் 125 கிலோமீட்டர். நகரம் விட்டதும் லாக்கியர் பள்ளத்தாக்கு. சாலையின் இருபக்கமும் கீரையும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் கண்ணுக்கெட்டும் தூரம்வரை. கேட்டனைத் தாண்டி கிராந்தம் என்ற சிற்றூர். 2011 ஜனவரி வெள்ளம் அடித்துப்போட்ட ஊர் அது. பிறகு அந்தப் பகுதி உள்ளாட்சி மன்றம் மேட்டு நிலத்தை வாங்கி, தாழ்வில் வீடு இழந்தவர்களுக்கு மாற்றுமனை கொடுத்து ஊரை இடம் மாற்றியது. பருவநிலை மாற்றம் குறித்த பேச்சு இங்கே மாநாட்டு மேடையோடு நிற்பதில்லை; பால் வாங்கப் போகிற கடையிலும் வருகிறது.

பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் கிரேட் டிவைடிங் மலைத்தொடர் சுவர்போல் எழுகிறது. அதன் விளிம்பில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் டுவூம்பா. பழைய சாலை நகருக்குள் செங்குத்தாக ஏறுகிறது. 2019 செப்டம்பரில் திறந்த 41 கிலோமீட்டர் புறவழிச்சாலை, சுமார் 800 மீட்டர் நீளப் பாலம் ஒன்றில் பள்ளத்தைக் கடந்து சுங்கம் வாங்கிக்கொண்டு மேலே விடுகிறது. போகும்போது பழைய வழியிலும் திரும்பும்போது புதிய வழியிலும் வந்தோம். லாரி ஓட்டுநர்கள் புதிய வழியை வாழ்த்துவதில் நியாயம் இருக்கிறது.

மேலே ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது மண்ணின் நிறம். டுவூம்பா நகரத்து மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. பிக்னிக் பாயின்ட் என்ற மலைமுகப்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு நீலமாகத் தெரியும். காலடியில் சிவப்பு மண். நகரைத் தாண்டி மேற்கே இறங்கினால் சில கிலோமீட்டரில் நிறம் மாறிவிடுகிறது. டார்லிங் டவுன்ஸ் சமவெளி முழுக்கக் கறுப்பு மண். சோளமும் பருத்தியும் கோதுமையும் அதில்தான் விளைகின்றன.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இளைஞர் இறங்கினார். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம கரிசல்தான் அண்ணாச்சி. வெயில்ல கால் போற அளவுக்கு வெடிக்கும், மழைல உப்பி வீட்டையே தூக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. விஞ்ஞானிகள் கோவில்பட்டிக் கரிசலையும் டார்லிங் டவுன்ஸ் கறுப்பு மண்ணையும் ஒரே வகுப்பில்தான் வைக்கிறார்கள்.

டுவூம்பாவின் சிவப்பும் சமவெளியின் கறுப்பும் பெரும்பாலும் பசால்ட் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்தவை. மேட்டில் மழைநீர் தங்காமல் வடிந்து, கரையக்கூடியதை எல்லாம் அடித்துக்கொண்டு போனதால் கயோலினைட் களிமண்ணும் இரும்பும் மிஞ்சின, அது சிவப்பு. பள்ளத்தில் நீர் தேங்கி, கரைந்து வந்தவை படிந்ததால் ஸ்மெக்டைட் களிமண் உருவாயிற்று, அது கறுப்பு. காரப் பசை செய்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். கயோலினைட்டை 600 முதல் 800 டிகிரிக்குச் சுட்டால் அதன் அமைப்பில் இருக்கும் நீர் வெளியேறி, ஒழுங்கு குலைந்து, காரத்தில் சுலபமாகக் கரையும் பொருளாகிவிடும். அதை மெட்டாகயோலின் என்கிறார்கள். வெளியேறுவது நீராவிதான், சுண்ணாம்புக்கல்லைப் போலக் கரியமில வாயு அல்ல. சூடும் சிமென்ட் உலைக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதி. கூடுதலாகச் சுட்டு 900, 1,000 டிகிரியைத் தாண்டவிட்டால் மறுபடி படிகமாகி உறங்கிவிடும். ஸ்மெக்டைட்டும் சுட்டால் வினைபுரியும். ஆனால் கயோலினைட் அளவுக்கு அல்ல.

வெல்கேம்ப், டுவூம்பா நடுநகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. வயலும் மேய்ச்சலுமாக இருந்த நிலத்தில் திடீரென்று ஒரு பயணிகள் கூடம். 1989இல் டுவூம்பாவில் தொழில் தொடங்கிய வாக்னர் குடும்பம், அரசாங்கத்துக்காகக் காத்திராமல் தன் சொந்த நிலத்தில், பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டிய விமான நிலையம் இது. வேலை 19 மாதம் 11 நாளில் முடிந்தது என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். ஓடுபாதை 2.87 கிலோமீட்டர் நீளம். 2014 நவம்பரில் முதல் பயணிகள் விமானம் வந்தது. 2016 நவம்பரில் ஹாங்காங்குக்கு வாராந்திரச் சரக்கு விமானம் தொடங்கியது. டார்லிங் டவுன்ஸ் மாட்டிறைச்சியும் காய்கறியும் அதில் ஏறின.

பயணிகள் கூடத்தின் கண்ணாடி வழியே நாங்கள் பார்க்க வந்த தரை தெரிந்தது. ஓடுபாதையின் பெரும்பகுதி தார். விமானம் திரும்பும் முனைகள், நிறுத்துமிடம், இணைப்புப் பாதை ஆகியவைதான் இந்தக் கான்கிரீட். காரணம் உண்டு. ஓடும் விமானத்தைவிட நிற்கும் விமானமும் மெதுவாகத் திரும்பும் விமானமும்தான் தரையை அதிகம் வதைக்கும். அந்த இடங்களில் 435 மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்டிருக்கிறார்கள். விமான நிலையம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 40,000 கனமீட்டர். சைட்டிலேயே கலவை ஆலை நிறுத்தி, சாலை போடும் ஸ்லிப்ஃபார்ம் இயந்திரத்தைக் கொண்டு இழுத்திருக்கிறார்கள். சிமென்ட் கான்கிரீட்டைவிட இது உலரும்போது சுருங்குவது குறைவு. வளைவு வலிமை கூடுதல். தரைக்கு வேண்டிய குணங்கள் இந்த இரண்டும்தான். இதனால் சுமார் 6,600 டன் கரியமில வாயு மிச்சமானது என்பது கட்டியவர்களின் கணக்கு.

பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் வெளிறிய நிறம். நேரான இணைப்புக் கோடுகள். ஒரு விமானம் வந்து நின்று பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. அந்தப் பயணிகளில் யாரும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை. கட்டடப் பொருளுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேறு கிடையாது.

வழிநெடுக இருந்த கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. வாக்னர் குடும்பத்துக்கு கல் குவாரி உண்டு, கலவை ஆலை உண்டு, பிரிஸ்பேன் துறைமுகத்துக்கு அருகே சிமென்ட் அரைக்கும் ஆலையும் உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரர், பொருளைச் செய்தவர், வேலையை எடுத்துச் செய்தவர், பிற்பாடு தரை வெடித்தால் நட்டப்படப் போகிறவர் எல்லாரும் ஒருவரே. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு" என்று கேட்பதற்கு ஆள் இல்லை. மற்ற இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வண்டி நிற்கிறது. வடிவமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அவருக்கு ஒரு தர விதிநூல் வேண்டும். விதிநூல் எழுத வேண்டுமென்றால் பல ஆண்டு நின்ற வேலைகள் வேண்டும். விதிநூல் இல்லாமல் வேலை யாரும் தருவதில்லை. மெல்போர்னில் விக்டோரியா மாநிலச் சாலைத்துறை 2010 வாக்கில் நடைபாதை போன்ற சிறு வேலைகளுக்கு இதை ஏற்றுக்கொண்டு இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. இப்படிப்பட்ட கான்கிரீட் கட்டுமானங்களை வடிவமைப்பதற்கான ஆஸ்திரேலியத் தொழில்நுட்ப வரையறை 2023இல்தான் வந்தது.

திரும்பும் வழியில் பேச்சு எதிர்காலத்துக்குப் போனது. "இதுல ஒரு வில்லங்கம் இருக்கு அண்ணாச்சி. சாம்பல் எங்கிருந்து வருது? நிலக்கரியிலேர்ந்து. அத மூடணும்னுதான எல்லாரும் சொல்றோம்" என்றார் இளைஞர். விக்டோரியாவின் ஹேசல்வுட் அனல்மின் நிலையம் 2017இலும், நியூ சவுத் வேல்ஸின் லிடல் நிலையம் 2023இலும் மூடப்பட்டன. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இரும்பாலைகள் ஊதுலையைக் கைவிட்டு மின்னுலைக்கு மாற மாற, நல்ல கசடும் குறையும். கரியமில வாயுவைக் குறைக்க வந்த கான்கிரீட், கரியமில வாயுவை உமிழும் இரண்டு தொழில்களின் குப்பையை நம்பி நிற்கிறது.

அதனால்தான் ஆய்வுக்கூடங்கள் களிமண் பக்கம் திரும்பியிருக்கின்றன. தனிக் களிமண்ணில் தொல்லைகள் உண்டு. மெட்டாகயோலினின் துகள்கள் தட்டுத் தட்டாக இருப்பதால் திரவத்தை ஏராளமாகக் குடிக்கும். அது உலரும்போது சுருங்கி வெடிக்கும். எனவே கலப்புதான் வழி. சுட்ட களிமண்ணோடு கசடைச் சேர்க்கிறார்கள், அல்லது ஒரு பங்கு சிமென்டையே சேர்க்கிறார்கள். சிமென்ட் இறுகும்போது வரும் சூடும் அதிலிருந்து வரும் கால்சியமும் களிமண்ணைத் தூண்டிவிடும். காரத்தின் அளவையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சிமென்டும் சோடியம் சிலிக்கேட்டும் கூடிவிட்டால் கலவை வண்டியில் இருக்கும்போதே இறுகிப்போகும். கலப்பு விகிதத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஆய்வாளர்களின் நேரம் போகிறது. டுவூம்பா மேட்டில் இருப்பது போன்ற இரும்பு மிகுந்த செம்மண்ணையும் சுட்டுப் பயன்படுத்த முடியுமா என்று கேமரூன் போன்ற நாடுகளில் பார்க்கிறார்கள்.

காரமும் சும்மா கிடைப்பதில்லை. சோடியம் கார்பனேட்டையும் மணலையும் 1,000 டிகிரிக்கு மேல் உருக்கித்தான் சோடியம் சிலிக்கேட் செய்கிறார்கள். உப்புநீரில் மின்சாரம் செலுத்தித்தான் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். அந்த எரிபொருளையும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்காமல் பசுமைக் கான்கிரீட் என்று விளம்பரம் செய்வது ஏமாற்று. இன்னொன்று, காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துவிடும். வெறுங்கையால் கலவை அள்ளும் கொத்தனாரிடமும் சித்தாளிடமும் இதை அப்படியே கொடுக்க முடியாது.

நமக்கு இது முழுக்கப் புதிய சங்கதியும் அல்ல. செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்த சுர்க்கிக் காரையும் சுட்ட களிமண்ணைக் காரத்தால் இறுகவைக்கிற வேலைதான்; அங்கே காரம் சுண்ணாம்பு. 1895இல் முடிந்த பெரியாறு அணை அந்தக் காரையில் எழும்பியது. இன்று தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் வடசென்னையிலும் சாம்பல் இருக்கிறது. நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் பீங்கான் செய்யும் வெண்களிமண் இருக்கிறது. தூத்துக்குடிச் சீமையில் உப்பளமும் காஸ்டிக் சோடா தொழிலும் இருக்கின்றன. சென்னை ஐஐடியிலும் தரமணியின் கட்டுமானப் பொறியியல் ஆய்வு மையத்திலும் இந்தத் துறை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காரக் கான்கிரீட்டில் முன்வார்ப்புப் பொருள்கள் செய்வதற்கான இந்தியத் தர வழிகாட்டி, ஐ.எஸ். 17452, 2020இலேயே வந்துவிட்டது.

வெல்கேம்ப்பைப் போல எல்லாம் ஒரே கையில் இருக்கிற குடும்பம் நமக்கு வேண்டியதில்லை. பொறுப்பை ஏற்கிற ஒரு கை போதும். அது அரசாங்கத்தின் கையாக இருக்கலாம். மாநகராட்சிகளும் நெடுஞ்சாலைத்துறையும் ஆண்டுதோறும் வாங்குகிற நடைபாதைக் கற்கள், சாலையோரக் கற்கள், வடிகால் மூடிகள் எல்லாம் தொழிற்கூடத்தில் வார்க்கப்படுபவை. அங்கே கையுறையும் கண்ணாடியும் கட்டாயமாக்கலாம், கலவையை அளந்து போடலாம். டெண்டரில் இத்தனை மூட்டை சிமென்ட் என்று எழுதுவதை விட்டு, இத்தனை வலிமை, இத்தனை ஆண்டு உழைப்பு என்று எழுதட்டும். உடைந்தாலும் ஆபத்தில்லாத நடைபாதையில் பத்தாண்டு நின்று காட்டினால், பாலத்துக்குக் கையெழுத்துப் போடப் பொறியாளர்கள் தாமாக முன்வருவார்கள். விதிநூல் கையில் இருக்கிறது. முதல் டெண்டரை யாராவது ஒரு ஆணையர் எழுத வேண்டும்.